பொதுத்துறைப் பங்கு: இயக்குநர் நாற்காலி காலியாக இருந்தால் கவலைப்பட வேண்டுமா?

கேள்வி: பணி ஓய்வில் வந்த தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் பங்குகளில் போட்டிருக்கிறேன். டிவிடெண்ட் ஒழுங்காக வருகிறது. ஆனால் நிர்வாகத்தைச் சாராத சுயேச்சை இயக்குநர்கள் போதிய அளவில் இல்லை என்று பங்குச் சந்தை அபராதம் விதித்திருப்பதாக அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. ‘நியமனம் எங்கள் கையில் இல்லை’ என்றும் சொல்கிறது. பங்கை விற்றுவிடலாமா?

பதில்: அபராதத் தொகையை நினைத்துக் கலங்க வேண்டாம். நாளொன்றுக்கு 5,000 ரூபாய்தான். 92 நாள் கொண்ட காலாண்டு முழுக்கக் குறை நீடித்தாலும் ஜிஎஸ்டி சேர்த்து 5,42,800 ரூபாய். நாம் பார்க்க வேண்டியது, அந்த நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது, அங்கே யாரும் உட்காராததால் எந்தக் கேள்வி கேட்கப்படாமல் போகிறது என்பதை.

பெரும்பாலான பொதுத்துறை நிறுவனங்களில் தலைவரும் நிர்வாக இயக்குநரும் ஒருவரே. அப்படி இருந்தால் இயக்குநர் குழுவில் பாதிப் பேராவது சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் விதி. நிறுவனம் சொல்லும் பதிலும் உண்மைதான். அவர்களை நியமிப்பது அமைச்சகம். தனியார் நிறுவனத்தில் ஒருவர் அந்தப் பதவிக்கு ஏற்றவரா என்பதை இயக்குநர் குழு முடிவு செய்யும். அரசு நிறுவனத்தில் அதுவும் அமைச்சகத்தின் கருத்துதான். நியமனம் தள்ளிப்போனால் நிறுவனத்தின் கணக்குகளை மேற்பார்வையிடும் தணிக்கைக் குழுவே முடங்கும், ஏனென்றால் அதன் கூட்டத்தில் குறைந்தது இரண்டு சுயேச்சை இயக்குநர்கள் இருந்தாக வேண்டும்.

பெரிய முதலாளியான அரசின் தேவையும் நிறுவனத்தின் நலனும் ஒரே பக்கம் இருக்கும்வரை இது வெளியே தெரியாது. பிரியும்போதுதான் சிறு பங்குதாரருக்காகப் பேச ஆள் வேண்டும். 2018 ஜனவரியில், பெட்ரோல், டீசல் விற்கும் எச்பிசிஎல்லில் அரசுக்கு இருந்த 51.11% பங்கை, எண்ணெய் எடுக்கும் இன்னொரு பொதுத்துறை நிறுவனமான ஓஎன்ஜிசி 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அரசின் பங்கு விற்பனை இலக்குக்கு அந்தப் பணம் உதவியது. கையில் காசோடு இருந்த ஓஎன்ஜிசியோ ஏறக்குறைய 25,000 கோடி கடன் வாங்க வேண்டியதாயிற்று. எச்பிசிஎல்லின் சிறு பங்குதாரர்கள் நிலை இன்னும் வருத்தமானது. அரசுக்குக் கிடைத்த விலை ஒரு பங்குக்கு 473.97 ரூபாய், அன்றைய சந்தை விலையைவிட சுமார் 14% கூடுதல். இவ்வளவு பெரிய பங்கு கைமாறினால் வழக்கமாகச் சிறியவர்களிடமிருந்தும் பங்கை வாங்கிக்கொள்ள ‘ஓப்பன் ஆஃபர்’ வரும். இங்கே வரவில்லை. சட்டப்படி தவறில்லை என்றாலும் எனக்கு அது இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

விலை நிர்ணயமும் அப்படித்தான். பெட்ரோல் விலையை 2010-லும் டீசல் விலையை 2014-லும் அரசு தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. ஆனால் உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் ஏறிய 2022-ல் ஏப்ரல் 6-க்குப் பிறகு பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல், டீசல் விலையை ஏற்றவே இல்லை. ஜூன் காலாண்டில் மட்டும் எச்பிசிஎல்லுக்கு 10,197 கோடி நஷ்டம். சமையல் எரிவாயு நஷ்டத்துக்காக எச்பிசிஎல் உள்ளிட்ட மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும் சேர்த்து அரசு பிறகு 22,000 கோடி கொடுத்தது. மக்களைக் காக்க விலையைப் பிடித்து வைப்பது அரசின் உரிமை. அதன் செலவை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

பொதுத்துறை என்றாலே திறமை குறைவு என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. மின்சாரத்தை மாநிலங்களுக்குக் கடத்தும் பொதுத்துறை நிறுவனமான பவர்கிரிட்டைப் பாருங்கள். இயக்குநர் நியமன முறை அதேதான். ஆனால் அதன் மின்கடத்தல் வருமானத்தில் பெரும்பகுதி, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதிகளாலோ, போட்டி ஏலத்தில் முடிவாகும் கட்டணத்தாலோ வருகிறது. யாரோ ஒருவர் போன் செய்து மாற்றிவிட முடியாது. அதனால் நான் ஒரு பொதுத்துறைப் பங்கைப் பார்க்கும்போது முதலில் கேட்பது: இதன் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்?

டிவிடெண்டுக்கு வருவோம். லாபத்தில் 30% அல்லது நிகர மதிப்பில் (சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவது) 4%, இதில் எது அதிகமோ அதைக் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்பது 2024-ல் திருத்தப்பட்ட அரசு நெறிமுறை. இதில் உங்கள் ஆசையும் அரசின் ஆசையும் ஒன்றுதான். ஆனால் டிவிடெண்டைக் கொடுத்துவிட்டு, புதிய ஆலைக்குக் கடன் வாங்குகிறதா என்று பணப்புழக்க அறிக்கையில் பாருங்கள்.

இந்த ஒரு அபராதத்துக்காக உடனே விற்க வேண்டாம். ஆண்டறிக்கையை எடுத்து, ‘கார்ப்பரேட் கவர்னன்ஸ்’ பகுதியில் இயக்குநர்கள் கூட்டங்களுக்கு வந்த கணக்கைப் பாருங்கள். அடுத்து, நிறுவனம் சட்ட விதிகளைப் பின்பற்றியதா என்று சொல்லும் செக்ரட்டேரியல் ஆடிட் அறிக்கை. காலியிடம் எத்தனை மாதம் நீடித்தது என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். பிறகு தணிக்கையாளர் அறிக்கையோடு வரும், அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சிஏஜியின் குறிப்பு. மூன்று ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே குறை மூன்றிலும் இருந்து, தொழிலின் விற்பனை விலையும் அமைச்சகத்தின் கையில் இருந்தால், அந்தப் பங்கில் உங்கள் ஓய்வுக்காலப் பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்க வேண்டாம்.