வாசகர் கேள்வி: சக்கர நாற்காலி நுழைய வீட்டை மாற்ற யார் பணம் தருவார்கள்?

கேள்வி: நான்கு மாதம் முன்பு, மணலிக்கு பைக்கில் வேலைக்குப் போன என் கணவரை கன்டெய்னர் லாரி இடித்துவிட்டது. முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வீடு மாமனார் பெயரில். வாசலில் மூன்று படி, பாத்ரூம் கதவு இரண்டடி. வீட்டை மாற்ற உதவி கிடைக்குமா?
– வாசகி, கொடுங்கையூர்

பதில்: கிடைக்கும் சகோதரி. ஆனால் நீங்கள் தேடவேண்டிய பெரிய தொகை விபத்து வழக்கில் இருக்கிறது. மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனுப் போட சட்டம் தரும் அவகாசம் 6 மாதம்தான். எஃப்.ஐ.ஆர். நகலோடு இந்த வாரமே கிளம்புங்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

மனுவை ஆஸ்பத்திரி பில், இழந்த சம்பளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டு வேலைக்கு இன்ஜினியரிடம் எஸ்டிமேட் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தமாக ‘ரிப்பேர்’ என்று எழுதினால் வழக்கமான மராமத்துதானே என்று எதிர்த்தரப்பு தள்ளிவிடும். ஒவ்வொரு வேலையும் எதற்கு என்று தெரியவேண்டும். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது சாய்தளக் கணக்கு. மூன்று படி 18 அங்குலம் என்றால் 18 அடி வேண்டும். தெருவில் இறக்கினால் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்படலாம். காம்பவுண்டுக்குள்ளேயே மடக்கி, திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடச் சொல்லுங்கள். பாத்ரூம் கதவு மூன்றடி, வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே திறக்கும் கதவென்றால், அவர் விழுந்துவிட்டால் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். கைப்பிடிக் கம்பியின் போல்ட் டைல்ஸோடு நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்கவேண்டும்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தார்களா? வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் பணிக்காயமாகவே கொள்ளப்படும். நிரந்தர ஊனத்துக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியதா என்று கேளுங்கள். அது போகாவிட்டால் வெறும் நோய் விடுப்பாகப் பதிந்துவிடும் ஆபத்து உண்டு.

பி.எஃப். பணத்தில் வீட்டு வேலை என்று முன்பணம் கேட்டால், வீடு அவர் பெயரிலோ உங்கள் பெயரிலோ இல்லாததால் நிராகரிப்பார்கள். மாற்றுத்திறனாளி உறுப்பினர் உபகரணம் வாங்க என்று மருத்துவச் சான்றோடு கேளுங்கள். சக்கர நாற்காலி, கமோட் சேர் செலவு அதில் அடங்கும்.

யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் பதியுங்கள். பரிசோதனைக்கு உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி. அட்டை வந்ததும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் முதுகுத்தண்டுவட பாதிப்புக்கான பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய்க்கு மனுக் கொடுங்கள்.

கேள்வி: வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. அம்மாவுக்கு ஒரு கால் எடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?
– வாசகர், புளியந்தோப்பு

பதில்: மூன்றாம் மாடி வீட்டை மாற்றப் பணம் செலவழிக்காதீர்கள். தரைத்தள வீட்டுக்கு மாற்றித் தரும்படி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். ஒதுக்கீட்டு ஆணை, யு.டி.ஐ.டி. நகல்களை இணையுங்கள். அரசு வீட்டுத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் ஒதுக்கச் சொல்லும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவையும் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால், திங்கட்கிழமை ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.