கடற்பாசி சாப்பிடலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

யாங்கோனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, சந்தையில் விற்கும் பாசி சாலட்டில் அப்படி என்ன சத்து?

நார்ச்சத்து, அயோடின், கொஞ்சம் கால்சியம், இரும்பு. பாசியில் கலோரி மிகக் குறைவு, ஆனால் மேலே ஊற்றுகிற எண்ணெயையும் வறுத்த கடலையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை! உப்பில் போட்டு வைத்த பாசி என்றால் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி நன்றாக அலசுங்கள்.

மோல்மேனிலிருந்து: எனக்குத் தைராய்டு குறைவு. பாசி சாப்பிட்டால் மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டம்மா.

ஐயோ, விடாதீர்கள். அயோடின் போதாமல் கழுத்துக்கழலை வருவது உண்மைதான், அதற்குத்தான் உப்பில் அயோடின் கலக்கிறார்கள், ஆனால் நிறையப் பேருக்குத் தைராய்டு குறைவதற்குக் காரணமே வேறு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குகிறது, அவர்கள் அயோடினை அள்ளிப் போட்டுக்கொண்டால் இன்னும் மோசமாகும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஜப்பான்காரர்கள் சூப்புக்குப் போடும் 'கொம்பு' என்ற பாசியில், உலர்ந்த நிலையில் 1 கிராமிலேயே 2,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாம். சோற்றைச் சுற்றும் நோரியில் கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராம்தான். எந்தப் பாசி என்று தெரியாமல் "பாசி நல்லது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. பக்கத்து வீட்டம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

பெகுவிலிருந்து: நம் பர்மா ஜெல்லிப் பலகாரம் சௌச்சோவும் கடல்பாசிதானே? பிள்ளைக்கு அயோடின் கிடைக்குமா?

பெரிதாகக் கிடைக்காது. செம்பாசியைக் கொதிக்கவைத்து எடுக்கும் அகர்தான் அது, மிஞ்சுவது பெரும்பாலும் நார்ச்சத்து. மலச்சிக்கலுக்கு உதவும், கூடவே தண்ணீர் குடிக்க வேண்டும். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்த பிறகு அது பலகாரம்தான், மருந்தில்லை. ஒரு நல்ல விஷயம், சுமார் 85 டிகிரி வரை உருகாது என்பதால் இந்த வெயிலிலும் கட்டியாக நிற்கும். ஜெலட்டின் போல விலங்கிலிருந்து எடுத்ததும் இல்லை, விரத நாளில் தாராளமாகச் செய்யலாம்.

தட்டோனிலிருந்து: நாங்கள் சுத்த சைவம். பாசியில் வைட்டமின் பி12 கிடைக்குமா?

நோரியில் ஓரளவு உண்டு, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்கு உதவாத போலி பி12. பால், தயிர் போதவில்லை என்றால் பி12 மாத்திரையே எடுங்கள்.

அதே ஊரிலிருந்து: மருமகள் மாசமாக இருக்கிறாள், கொடுக்கலாமா?

நோரி எப்போதாவது கொஞ்சம், சரி. கொம்பு வேண்டாம். ஹிஜிகி என்ற கறுப்புப் பாசி யாருக்குமே வேண்டாம், அதில் ஆர்செனிக் என்ற நச்சு அதிகம். வீட்டில் யாராவது ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்தால், பாசியில் வைட்டமின் கே இருப்பதால் டாக்டரைக் கேட்காமல் தினமும் பரிமாறாதீர்கள்.