ஹீமோகுளோபின் 9.8, ரூம்ல ஒரு கரண்ட் குக்கர்: என்ன சமைக்கலாம் டாக்டர்?

கேள்வி: டாக்டர், எனக்கு 22 வயசு, 48 கிலோ. காரைக்குடில நாங்க மூணு பொண்ணுங்க ரூம் எடுத்து தங்கி எம்.எஸ்சி படிக்கிறோம். காலைல டீ, பன்னு. மதியம் கேன்டீன். நைட்டு பாதி நாள் பரோட்டா, மீதி நாள் நூடுல்ஸ். கொஞ்ச நாளா 11 மணி கிளாஸ்ல தலை சுத்துது, முடி கொத்து கொத்தா வருது. டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 9.8. ரூம்ல ஒரு கரண்ட் குக்கரும் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் இருக்கு, பிரிட்ஜ் இல்ல. வீட்ல இருந்து வர்ற காசு கம்மிதான். பேரீச்சம்பழமும் பீட்ரூட் ஜூஸும் சாப்ட்டா சரியாயிடும்ங்கறாங்க, ஹெல்த் டிரிங்க் ஒரு டப்பா வாங்கட்டுமா?

பதில்: டப்பா வாங்காதம்மா. அந்தக் காசுக்கு முட்டையும் பாசிப்பருப்பும் வாங்கு, எப்படி சமைக்கறதுன்னு கீழ சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், பொண்ணுங்களுக்கு 12க்கு மேல இருக்கணும், உனக்கு 9.8ன்னா இது லேசான ரத்தசோகை இல்ல, நடுத்தரம், சாப்பாட்டை மட்டும் மாத்தி இதை ஏத்த ரொம்ப நாளாகும், மாத்திரை கண்டிப்பா வேணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல இரும்புச்சத்து மாத்திரை இலவசமாவே தர்றாங்க, டாக்டரைப் பாத்து வாங்கிக்க. பீரியட்ஸ் ஏழு நாளுக்கு மேல போகுதா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க நாப்கின் மாத்த வேண்டியிருக்கானு அவங்க கேப்பாங்க, கூச்சப்படாம சொல்லு, பாதி பேருக்கு விஷயமே அங்கதான் இருக்கும். பூச்சி மாத்திரையும் கேட்டுப் போட்டுக்க.

பீட்ரூட் சிவப்பா இருக்குறதால ரத்தம் ஊறும்னு ஒரு நம்பிக்கை, அந்த சிவப்பு வேற, இரும்புச்சத்து வேற. உன் வயசுப் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்லுது, ரெண்டு பேரீச்சம்பழத்துல அதுல ரொம்ப சின்ன பங்குதான் கிடைக்கும். சாப்பிடக் கூடாதுன்னு இல்ல, அதையே நம்பி உக்காராதன்னு சொல்றேன்.

இப்ப சமையலுக்கு வருவோம். உன் கடிதத்துல எனக்கு ரொம்ப கவலையா பட்டது பரோட்டா இல்ல, மூணு வேளையும் மாவாவே போகுது, பருப்பு, முட்டை, கீரை எதுவுமே கண்ணுல படல. 48 கிலோவுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 40 கிராம் புரதம் வேணும். அதுக்கு நான் சொல்றது ஒரே குக்கர்ல ஆகுற பருப்பு சாதம். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, ரெண்டையும் கழுவி அஞ்சு டம்ளர் தண்ணி, மஞ்சத்தூள், உப்பு, தட்டின மிளகு சீரகம், நாலு பல்லு பூண்டு, எல்லாம் ஒண்ணாப் போட்டு சுவிட்சைத் தட்டிட்டு நீ குளிக்கப் போகலாம். குக்கரோட வந்த ஓட்டைத் தட்டு இருக்குல்ல, இட்லி வேகவைக்கிறது, அதை மேல வச்சு மூணு முட்டையைக் கழுவி வச்சிடு, ஆவியிலயே கால் மணி நேரத்துல வெந்துடும். தண்ணி வத்தி வர்ற நேரத்துல ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டு மூடி அஞ்சு நிமிஷம் விடு. நம்ம பக்கம் முருங்கை இல்லாத தெருவே கிடையாது, ஹவுஸ் ஓனர் ஆச்சிகிட்ட கேட்டா அவங்களே ஒடிச்சுத் தருவாங்க. கடைசியா தட்டுல போட்டப்புறம் அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கங்க, கொதிக்கும்போது பிழிஞ்சா வைட்டமின் சி வீணாப் போகும், அந்த சி இருந்தாத்தான் கீரையிலயும் பருப்புலயும் இருக்குற இரும்பை உடம்பு ஒழுங்கா எடுத்துக்கும். புரதத்தோட ஒரு பகுதியான லைசின் அரிசியில கம்மி, அது பருப்புல இருக்கு, அதே மாதிரி இன்னொரு பகுதியான மெத்தியோனின் பருப்புல கம்மி, அது அரிசியில இருக்கு, அதனால சேத்து சாப்பிட்டாத்தான் புரதம் முழுசாகுது. ஆளுக்கு ஒரு முட்டையோட சேத்து இந்த ஒரு வேளையிலயே 15 கிராமுக்கு மேல வந்துடும். காலைல இதைச் சாப்ட்டுட்டு போ, 11 மணி தலைசுத்தல்ல ஒரு பங்காவது குறையும்.

டீ குடிக்காதேன்னு சொன்னா கேக்க மாட்டேன்னு தெரியும், அதனால குடி, ஆனா சாப்பாட்டோட சேத்து குடிக்காத, முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரம் விட்ரு. மாத்திரை போடுறதுக்கு டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் பக்கத்துல வரக்கூடாது, ரெண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். மாத்திரை போட ஆரம்பிச்சா மலம் கறுப்பாப் போகும், பயப்படாத. மாத்திரைக்கு முன்னாடியே கறுப்பாப் போயிருந்தா அதை டாக்டர்கிட்ட அவசியம் சொல்லணும்.

அசைவம் சாப்பிடுவீங்கன்னா வாரம் ஒரு நாள் கோழி ஈரல். செட்டிநாடுன்னாலே மட்டன் இல்லாம ஆகாதுன்னு வெளியூர்க்காரங்க நினைக்கிறாங்க, மட்டன் விலைக்கு ஸ்டூடண்ட்ஸ் எங்க போறது, பிராய்லர் கடையில ஈரல் கறியை விட மலிவாத்தான் இருக்கும், இரும்பும் 100 கிராமுக்கு 9 மில்லிகிராம் கிட்ட இருக்கு, அதுவும் கீரையில இருக்குறதை விட சுலபமா ஒட்டுற வகை. சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு போட்டு இண்டக்‌ஷன்ல வதக்கி நடுவுல சிவப்பு தெரியாத அளவுக்கு வேகவிடு. சைவம்னா வேர்க்கடலையை அவிச்சு ஒரு கைப்பிடி, அப்பறம் மீல்மேக்கர், காஞ்சதுல பாதி எடை புரதம்தான், ஊறவச்சுப் பிழிஞ்சு காரக்குழம்புல போட்ரு. முட்டையும் பாலும் தொடாதவங்கன்னா வைட்டமின் பி12 டெஸ்டும் எடுக்கணும்.

இரும்புச் சட்டி ஒண்ணு வாங்க முடிஞ்சா வாங்குங்க, இண்டக்‌ஷன்ல வேலை செய்யும், புளி போட்ட குழம்பு அதுல வச்சா கொஞ்சம் இரும்பும் சேரும், வச்சதும் வேற பாத்திரத்துக்கு மாத்திடணும். முனீஸ்வரன் கோவில் தெரு பழைய பித்தளைப் பாத்திரம் அழகா இருக்குன்னு வாங்கி ஈயம் பூசாம அதுல புளி வைக்காதீங்க, செம்பு குழம்புல இறங்கும்.

பிரிட்ஜ் இல்லங்கறதால ஒண்ணு அழுத்திச் சொல்றேன். மதியம் வடிச்ச சோறு மிஞ்சி குக்கர்லயே கிடந்து நைட்டு சூடு பண்ணி சாப்பிடுறது வேண்டாம். அரிசியில இருக்குற பாசில்லஸ் சீரியஸ்ங்கற கிருமி சமைச்சாலும் சாகாம தங்கும், சோறு வெதுவெதுப்பா கிடக்கும்போது பெருகி நச்சு விடும், அந்த நச்சு திரும்ப சூடு பண்ணாலும் போகாது, வாந்தி எடுத்துட்டு வர்ற ஸ்டூடண்ட்ஸ் நிறைய பேர்கிட்ட விசாரிச்சா இந்தக் கதைதான். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவே வைங்க. நைட்டு சுடச்சுட வச்ச சோறு மிஞ்சினா ஆறினதும் நல்ல தண்ணி ஊத்தி மூடி வச்சு காலைல மோர், சின்ன வெங்காயத்தோட முடிச்சிடுங்க, மதியம் வரைக்கும் இழுக்காதீங்க. ராஜ்மா வாங்கினா ராத்திரி ஊறவச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு அடுப்புல பத்து நிமிஷமாவது தளதளன்னு கொதிக்கவிட்டுத்தான் அப்பறம் வேகவைக்கணும், அரைவேக்காட்டு ராஜ்மா பேதி, வாந்தி ரெண்டையும் கொண்டு வரும்.

ஒரு மாசம் கழிச்சு டெஸ்ட் எடு, ஒரு கிராமாவது ஏறியிருக்கணும். ஏறலைன்னா மாத்திரையைக் கூட்டாம ஃபெரிட்டின் டெஸ்ட் (உடம்புல சேமிப்புல இருக்குற இரும்பைக் காட்டுறது) பாத்து காரணத்தைத் தேடணும். 12 தொட்டதும் நிறுத்திடாத, அதுக்கப்புறமும் மூணு மாசம் போடணும், சேமிப்பு நிறையறது அப்பத்தான். முடி அதுக்கும் பின்னாடிதான் நிக்கும், எண்ணெய்க்குக் காசு கொடுக்காத. மாடி ஏறும்போது மூச்சு வாங்குது, நெஞ்சு படபடக்குது, மயக்கம் வருதுன்னா ஒரு மாசம்லாம் காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துடு. உன் ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் உன்னை மாதிரியே அதே டீ, அதே பரோட்டா, அதே நூடுல்ஸ் சாப்பிட்டவங்கதான், அவங்களையும் கூட்டிட்டுப் போயி ஹீமோகுளோபின் பாத்துடுங்க.