எந்த அடிக்கு எந்த ஹெல்மெட்?

(இந்த வாரம் ஹெல்மெட் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில். எழுதுபவர் பிளாஸ்டிக் மோல்டிங்கிலும் ஹெல்மெட் சோதனையிலும் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்.)

கேள்வி: எங்கள் சைட்டுக்கு நாற்பது ஹெல்மெட் வாங்க வேண்டும். ஒரே மஞ்சள், ஒரே வடிவம். ஒன்று தொண்ணூறு ரூபாய், இன்னொன்று நானூறு. முதலாளி தொண்ணூறே போதும் என்கிறார். அப்படி என்னதான் வித்தியாசம்?
– சூப்பர்வைசர், ஓசூர்

கவிழ்த்துப் பாருங்கள் சார். வெளி ஓட்டில் ஒன்றும் தெரியாது, சங்கதி எல்லாம் உள்ளே இருக்கிறது. ஒழுங்கான ஹெல்மெட்டில் தலை ஓட்டைத் தொடவே தொடாது. குறுக்கும் நெடுக்குமாகப் போகிற உள்பட்டையில், தொட்டிலில் பிள்ளை கிடக்கிற மாதிரி தலை உட்கார்ந்திருக்கும், அதற்கும் ஓட்டுக்கும் நடுவே ஓர் அங்குலம் போல இடைவெளி இருக்கும். மேலே சாரத்திலிருந்து ஒரு செங்கல் விழுந்தால் ஓடு வளைந்து, பட்டை இழுபட்டு, அடியின் பெரும்பகுதி அந்த இடைவெளியிலேயே செலவாகிவிடும். ஈஎன் 397 என்கிற ஐரோப்பியத் தரத்தில் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட் மேல் போடுவார்கள். கீழே இருக்கிற பொம்மைத் தலைக்கு 5 கிலோநியூட்டனுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட அரை டன் பாரத்துக்கு மேல், விசை போகக் கூடாது. அப்புறம் கூர்முனை வைத்த 3 கிலோ எடையைப் போட்டு, முனை உள்ளே வந்து தலையைத் தொடுகிறதா என்றும் பார்ப்பார்கள். உங்கள் தொண்ணூறு ரூபாய் சரக்கின் உள்பட்டையைக் கடையிலேயே நன்றாக இழுத்துப் பாருங்கள். அநேகமாகக் கையோடு வந்துவிடும்.

ஓட்டின் கதை வேறு. ஏபிஎஸ் அல்லது எச்டிபிஇ என்கிற பிளாஸ்டிக் குருணையை உருக்கி, டை என்கிற இரும்பு அச்சுக்குள் அழுத்தி, ஆறவைத்து எடுக்கிறோம், அவ்வளவுதான் வேலை. வீணாய்ப் போன ஓடுகளை அரைத்துத் திரும்பப் போடலாம்தான். ஆனால் ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலி அறுந்துகொண்டே போகும், சுத்தமில்லாத சரக்கு கலந்தால் கேட்கவே வேண்டாம். நான் முதலில் சேர்ந்த ஒரு கம்பெனியில் பழைய பக்கெட், காய்கறிக் கூடை எல்லாம் அரைத்துப் பாதிக்குப் பாதி கலந்தார்கள். மஞ்சள் நிறம் போட்டதும் புதுசு மாதிரி பளபளவென்று வந்தது, சோதனை மேடையில் வைத்து எடையைப் போட்டால் கருப்பட்டி உடைகிற மாதிரி உடைந்தது. நான் மூன்று மாதத்தில் வெளியே வந்துவிட்டேன், அந்த ஹெல்மெட்டுகள் எந்தெந்தத் தலைக்குப் போயினவோ.

அதனால் சைட் ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 2925 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும், அதோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், உரிம எண்ணை, முத்திரை கொடுக்கிற அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அது யாருடையது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். முன்விளிம்பின் அடியில் சின்னக் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அதில் முள் காட்டுவது மாதம், நடுவில் இருப்பது வருடம். நான்கு வருடம் குடோனில் கிடந்த ஹெல்மெட்டைப் புதுசு என்று தள்ளிவிடுவார்கள், இந்த வட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவரிடம் அது நடக்காது.

கேள்வி: வாங்கிக் கொடுத்தாலும் ஆட்கள் போடுவதில்லை. வேர்க்கிறது என்று கழற்றிக் கம்பியில் மாட்டிவிடுகிறார்கள். சிலர் துண்டைக் கட்டிக்கொண்டு அதன் மேல் வைக்கிறார்கள். என்ன செய்ய?
– மேஸ்திரி, மணப்பாறை

துண்டு விஷயம் நீங்கள் நினைப்பதைவிட மோசம். முண்டாசு கட்டினால் ஹெல்மெட் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், பின்பட்டை இறுகாது, குனிந்தால் விழும். துணி அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டால் பட்டை இழுபட இடமும் இல்லை. வேர்வைக்கு நெற்றிப் பட்டையில் மாட்டும் துணிப்பட்டை தனியாகக் கிடைக்கிறது, துவைத்து மாற்றலாம். பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ள வெள்ளை ஹெல்மெட்டாக வாங்குங்கள். கரண்ட் வேலை பார்ப்பவருக்கு மட்டும் துளை இல்லாததுதான்.

ஆனால் ஆட்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சைட்டுக்கான இந்தத் தலைக்கவசம் பிறந்த கதையே வேறு ஊர்க் கதை. முதல் உலகப் போரிலிருந்து இரும்புத் தொப்பியோடு திரும்பி வந்த எட்வர்ட் புல்லார்ட் என்ற அமெரிக்கர், 1919-இல் கேன்வாஸ் துணியையும் பசையையும் ஆவியில் வேகவைத்துக் கெட்டியான ஒரு தொப்பியைக் கொண்டுவந்தார். 1930-களில் சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது தலைக்கவசம் போடாதவருக்கு வேலை இல்லை என்று வைத்தார்கள். அங்கே பனிமூட்டமும் குளிர்காற்றும். நம் ஆள் சித்திரை வெயிலில் கான்கிரீட் போடுகிறார். அதனால் நிழலும் குடிதண்ணீரும் மதியம் ஓய்வும் கொடுத்துவிட்டு அப்புறம் அதட்டுங்கள், எடுபடும்.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. சும்மாடு வைத்துச் சட்டி சுமக்கிற சித்தாள் எந்த ஹெல்மெட்டைப் போடுவாள்? எதையும் போட முடியாது. கலவையையும் கல்லையும் லிஃப்டிலோ கப்பியிலோ ஏற்றுங்கள், தலைச்சுமை தவிர்க்கவே முடியாத இடத்தில் அந்தப் பெண்கள் நடக்கும் பாதைக்கு மேலே யாரும் வேலை பார்க்காதபடி செய்யுங்கள். பரிசோதனைக்கு ஆள் வரும்போது மட்டும் அவர்கள் கையில் ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிற சைட்டை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அடுக்குமாடியில் கயிற்றில் தொங்கி பெயின்ட் அடிக்கிறோம். சைட்டில் கொடுக்கிற மஞ்சள் ஹெல்மெட்டே போதுமா?
– பெயின்டர், ஆவடி

போதாது தம்பி. காரணம் தாடைப் பட்டை. தரையில் வேலை பார்ப்பவரின் ஹெல்மெட் எதிலாவது மாட்டிக்கொண்டால் பட்டை கழுத்தை நெரிக்கக் கூடாது என்பதற்காக, ஓர் அளவு இழுப்பு வந்ததும் அதுவே விடுபட்டுவிட வேண்டும்; ஈஎன் 397 அதை 150-இலிருந்து 250 நியூட்டனுக்குள் என்று வைத்திருக்கிறது, அதாவது 15, 25 கிலோ இழுப்பு. தொங்குகிறவருக்கு இது தலைகீழ். விழும்போதோ சுவரில் மோதும்போதோ ஹெல்மெட் கழன்று போய்விட்டால் அப்புறம் அது இருந்து என்ன லாபம்? மலையேறுபவர்களுக்கான ஈஎன் 12492-இல் பட்டை 500 நியூட்டன் வரை தாங்க வேண்டும். உங்களுக்கு அந்த மாதிரி, பக்கவாட்டு அடிக்கும் உள்ளே மெத்தை வைத்தது, நான்கு இடத்தில் பட்டை பிடித்தது வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், உங்கள் காசில் வாங்க வேண்டிய பொருள் இல்லை இது.

கேள்வி: பையனுக்குப் பதின்மூன்று வயது, கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். அண்ணனின் பழைய ஹெல்மெட் இருக்கிறது, கொஞ்சம் லூஸ். பஞ்சு வைத்துக் கொடுக்கலாமா?
– ஓர் அம்மா, திருப்பூர்

வேண்டாம் அம்மா. கிரிக்கெட் ஹெல்மெட்டில் முக்கால்வாசிப் பிரச்சினை மண்டையில் இல்லை, முகத்தில்தான். பந்து முன்விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவே நுழைந்து வருவது, இல்லை கம்பியே வளைந்து மூக்கில் இடிப்பது. லூஸான ஹெல்மெட் அடி பட்டதும் சுழன்று கம்பியை முகத்தில் கொண்டுபோய் வைக்கும். பஞ்சு அமுங்கிப் போகும், ஒன்றுக்கும் உதவாது.

பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 7928-ஐ 2013-இல் திருத்தி எழுதியபோது இதைத்தான் சேர்த்தார்கள். பந்தை நிஜமாகவே முகக்கம்பி மேல் எறிந்து, அது உள்ளே வருகிறதா, கம்பி வளைந்து முகத்தைத் தொடுகிறதா என்று பார்க்கிறார்கள். அதிலும் பெரியவர்கள் ஆடும் ஐந்தரை அவுன்ஸ் பந்துக்குத் தனியாக, சிறுவர்கள் ஆடும் நாலேமுக்கால் அவுன்ஸ் பந்துக்குத் தனியாக. சின்னப் பந்து சின்ன இடைவெளியிலும் புகுந்துவிடும், பெரிய பந்து பலமாக இடிக்கும், ஒன்றில் தேறியது இன்னொன்றில் தேறும் என்று சொல்ல முடியாது. உங்கள் பையன் வயதில் ஒரு பந்திலிருந்து மற்றதுக்கு மாறுவார்கள், எந்தப் பந்து என்று கோச்சிடம் கேட்டுவிட்டு உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் அந்தப் பந்துக்குச் சோதித்ததா என்று பாருங்கள். கம்பியைக் கீழே இறக்கி, பந்து நன்றாகத் தெரிகிறது என்று இடைவெளியைப் பெரிதாக்குகிற பையன்கள் இருக்கிறார்கள். கண்ணில் பட்டால் திருகைக் கழற்றிப் பழையபடி மாட்டிவிடுங்கள்.

பின்கழுத்துக்கும் ஒன்று வாங்குங்கள். 2014 நவம்பர் 25-இல் சிட்னி மைதானத்தில் 63 ரன்னில் ஆடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய வீரர் ஃபிலிப் ஹியூஸுக்கு பவுன்சர் கழுத்தில் பட்டது, இரண்டு நாளில் இறந்துபோனார், வயது 25. அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். அப்போது இருந்த புது மாடலே போட்டிருந்தாலும் அடி பட்ட இடத்தை மூடியிருக்காது என்று பின்னால் நடந்த விசாரணையில் சொன்னார்கள். அதற்கு அப்புறம்தான் பின்னால் மாட்டும் கழுத்துக் காப்பு பரவலாக வந்தது. அப்படியும் 2019-இல் லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பந்து கழுத்தில் பட்டு ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் விழுந்தபோது அவர் அதை மாட்டியிருக்கவில்லை. ஆஸ்திரேலியா தன் வீரர்களுக்கு அதைக் கட்டாயம் ஆக்கியது 2023 அக்டோபரில். பெரிய ஆட்டக்காரர்களுக்கே பழக்கத்தை மாற்ற இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, பையன் முதல் நாள் முகம் சுளித்தால் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் நின்று ஃபீல்டிங் செய்யும்போதும் ஹெல்மெட் தலையில் இருக்கட்டும். இந்திய வீரர் ராமன் லம்பா 1998-இல் டாக்காவில், பேட்ஸ்மேனுக்கு மிக அருகில் நிற்கிற ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்றபோதுதான் அடி பட்டு இறந்தார்.

கேள்வி: காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். பைக் ஹெல்மெட் வீட்டில் இருக்கும்போது சைக்கிளுக்குத் தனியாக எதற்கு?
– கல்லூரி மாணவர், கோவை

இரண்டிலும் உள்ளே இருப்பது தெர்மாகோல்தான், ஆனால் அடர்த்தி வேறு. தெர்மாகோல் செய்கிற வேலை ஒன்றே ஒன்று, நசுங்குவது. ஓடுகிற தலை இரண்டரை மில்லிமீட்டருக்குள் நிற்பதற்குப் பதில் இரண்டரை சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், சராசரி அடி பத்தில் ஒரு பங்காகிவிடும், பள்ளிக்கூடத்துக் கணக்குதான். சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரத்தில் தலை மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பில் மோதும்படி போடுவார்கள், அது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், நீங்கள் சைக்கிளிலிருந்து சரிகிற உயரம். பைக் ஹெல்மெட்டை அதைவிடப் பெரிய அடிக்குச் செய்கிறோம், கனம் கூட, காற்றும் வராது, மருதமலை ஏற்றத்தில் அரை மணி நேரத்தில் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவீர்கள். சைக்கிள் ஹெல்மெட்டைப் பைக்குக்குப் போடுவது மட்டும் கூடவே கூடாது, சட்டப்படியும் செல்லாது, 2021 ஜூன் 1 முதல் இரு சக்கர வண்டிக்கு, பைக் ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 4151 முத்திரை இல்லாததை விற்கவே முடியாது என்று ஆகிவிட்டது.

கேள்வி: பைக் டேங்க் மேல் வைத்த ஹெல்மெட் கீழே விழுந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டுமா?
– வாசகர், காரைக்குடி

வெறும் ஹெல்மெட் ஒரு தடவை விழுந்ததற்கு எல்லாம் வேண்டாம். உள்ளே தலை இருந்து அடி பட்டிருந்தால் மட்டும், வெளியே கீறல்கூட இல்லையென்றாலும் அதன் வேலை முடிந்துவிட்டது, நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழும்பாது. விழுந்ததைவிட எனக்கு டேங்க் பற்றித்தான் கவலை. தெர்மாகோல் துண்டில் பெட்ரோலை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பஞ்சுமிட்டாய் நாக்கில் கரைகிற மாதிரி கரையும். பெட்ரோல் கையோடு உள்ளே தொடுவது, தின்னரால் துடைப்பது, ஸ்ப்ரே பெயின்ட் அடித்துப் பெயர் எழுதுவது எல்லாம் அந்த வகைதான். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும்.

கேள்வி: கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காருவதில்லை. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, தென்காசி

கொண்டையை அவிழ்த்துக் கழுத்துக்குக் கீழே வரும்படி தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள் மேடம், பூவைப் பள்ளிக்கூடம் போய் வைத்துக்கொள்ளலாம். பெரிய சைஸ் வாங்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பட்டையை மாட்டிவிட்டு, பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகத் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த ஹெல்மெட் உங்களுக்கு இல்லை, கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் சரி.