கோட்டிக்காரன் என்று சொல்லிவிடுவார்களா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

களக்காடு பக்கம் வாழை விவசாயம், வயது 36. போன வருஷம் சூறைக்காற்றில் குலை தள்ளிய ஏத்தன் அறுநூறு வாழை சாய்ந்தது. அடுத்த மூன்றாம் மாதம் அப்பாவும் போய்விட்டார். அதிலிருந்து தூக்கம் இல்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். ராத்திரி குவாட்டர் இல்லாமல் படுக்க முடியவில்லை. வீட்டில் சொல்லிச் சொல்லி, ஒரு கவுன்சலரிடம் போனேன். முக்கால் மணி நேரமும் அவரே பேசினார். "ஆம்பிள நீங்களே ஒடைஞ்சுட்டா வீட்ல உள்ளவங்க என்ன செய்வாங்க" என்றார். காலையில் எழுந்து ஓடச் சொன்னார். மறுபடி போகவில்லை. சில நாள் தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் தனியாகப் போகவே பயமாக இருக்கிறது. இந்த வைத்தியம் நமக்கு ஒத்துவராதோ? சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரில் தெரிந்தால் கோட்டிக்காரன், பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

கிணறு பற்றிய வரியை நீங்கள் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதினேன். இதே நிலையில் இன்னொருவர் படிக்கக்கூடும் என்பதால் அதை இங்கேயும் சொல்கிறேன். அந்தப் பயத்தை இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். வயலுக்கு அடிக்கிற மருந்து எதுவும் வீட்டிலோ பம்புசெட்டிலோ இருக்க வேண்டாம், மச்சானிடமோ பங்காளியிடமோ கொடுத்து வையுங்கள். சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது. 14416-க்கு போன் செய்யுங்கள். மனநல உதவிக்கான எண் அது, டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அந்த 2022-இல் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அரசுக் கணக்கு. அதில் 100-க்கு ஏறக்குறைய 72 பேர் ஆண்கள். ஆம்பிளை உடையக் கூடாது என்று உங்களிடம் சொன்னவருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த அறையில் உங்களுக்குக் கிடைத்தது புத்திமதி. புத்திமதி சொல்ல நம் பக்கத்தில் சித்தப்பா இருக்கிறார், டீக்கடை பெஞ்சு இருக்கிறது, அதற்கு ஃபீஸ் கட்டிப் போக வேண்டியதில்லை. வைத்தியத்தை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. ஆகவே ஒத்துவராது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். 42 வயதில் எனக்கு நெஞ்சு படபடப்பு வந்தது. மூன்று தடவை ஈசிஜி எடுத்து, மூன்று தடவையும் வாயு மாத்திரையோடு திரும்பினேன். நாலாவது டாக்டர் சீட்டை மடித்து வைத்துவிட்டு, "வீட்ல எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டார். அவர் சொல்லித்தான் ஒரு கவுன்சலரிடம் போனேன். நான் பேசும்போது அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்துவிட்டேன். இன்னொருவரைத் தேட எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதம் வீட்டில் என்னோடு இருந்தவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இரண்டாவது ஆள் என்னைவிட வயதில் மிகச் சிறிய பெண். "ராத்திரி முழிப்பு வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். வாசற்படியில் போய் உட்கார்ந்திருப்பேன் என்று ஆரம்பித்து இருபது நிமிடம் பேசினேன். அவர் குறுக்கிடவே இல்லை.

சிறு வயதில் எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் ஒன்று பார்த்தேன். மகன் செத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெரியப்பா, வில்லுப்பாட்டு ஏறி சாமி வந்த நேரத்தில் சாமியாடி முன்னால் போய் நின்றார். "என்னல கொற?" என்று சாமி கேட்டது. பெரியப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை, விக்கி விக்கி அழுதார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, ஒருத்தரும் கேலி செய்யவில்லை. திருநீறு பூசி அனுப்பினார்கள். சாமியாடியே போதும் என்று சொல்ல வரவில்லை. தூக்கமில்லாமல் போனால் அதற்கு வைத்தியம் வேண்டும். ஆனால் நம் ஆண்களுக்கு அழத் தெரியாது என்பதை மட்டும் நான் நம்ப மாட்டேன். அந்த இடம் வருஷத்துக்கு ஒரு ராத்திரிதான் கிடைக்கிறது, அதுதான் பிரச்சினை.

இனி யாரிடம் போவது. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் படித்து, அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். இவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. 'கவுன்சலர்' என்ற போர்டு மட்டும் நெடுநாளாக யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்வதாக இருக்கிறது. நல்லவர்களும் அதில் உண்டு, ஆனால் என்ன படித்தீர்கள் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

உங்களுக்குத் தூக்கமும் போய், குடியும் சேர்ந்து, கிணற்றுப் பயமும் இருப்பதால் முதலில் மனநல மருத்துவர்தான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் வெளியூர் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார். உங்கள் பக்கம் எந்த நாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குவாட்டர் கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள். சாராயம் படுத்தவுடன் தூங்க வைத்துவிட்டு நடுச்சாமத்தில் எழுப்பிவிடும், மனச்சோர்வையும் கூட்டும். அதற்காக நீங்களாக ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். தினமும் குடிக்கிற உடம்புக்கு அது ஆபத்தாகலாம். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். மருந்து கொடுத்தால் வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகலாம், பத்து நாளில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பேச்சுச் சிகிச்சை பொதுவாக வாரம் ஒருமுறை, 45 அல்லது 50 நிமிடம். மூன்று நாலு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீங்கள் பேசியது அடுத்த வாரம் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா? எதற்காக இதைச் செய்கிறோம் என்று உங்களுக்குப் புரிகிறதா? ஒத்துவரவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். நல்ல ஆள் கோபப்பட மாட்டார், வழியை மாற்றுவார், அல்லது இன்னொருவரிடம் அனுப்புவார். காற்று அடிக்கிற திசை பார்த்து வாழைக்கு முட்டுக்கம்பை மாற்றி ஊன்றுகிறவர் நீங்கள். இதில் மட்டும் ஒரு கம்பு சரியில்லை என்று தோட்டத்தையே விட்டுவிடலாமா?

கோட்டி என்ற சொல்லுக்கு நானும் பயந்தவன்தான். என் வீட்டுக்காரி, உங்கள் மைனியிடம்கூடச் சொல்லாமல் வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறேன். ஹைகிரவுண்டில் அந்தக் கவலை குறைவு, அவ்வளவு கூட்டத்தில் யார் எந்தச் சீட்டோடு நிற்கிறார் என்று எவருக்கும் தெரியாது. 2017 மனநலச் சட்டப்படி உங்கள் விவரத்தை அவர்கள் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

தனியாகப் போக வேண்டாம், வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு, இந்த வாரமே போங்கள். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவதை ஒரு நாள் வேறு யாரும் பார்த்துக்கொள்வார்கள். போய்விட்டு வந்து, உள்ளே அவர் முதலில் உங்களிடம் என்ன கேட்டார் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.