மூன்று என்ஜின்கள், ஒரு வண்டி – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் வீட்டுப் பின்கட்டில் பழைய ஜீப் ஒன்றை நான்கு ஆண்டுகள் செலவிட்டு நீங்களே சீர்செய்ததைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த துணிச்சலில் இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கிறது. என் தாத்தா 1971-இல் வாங்கிய மகிந்திரா எஃப்.சி. 150 பிக்கப் எங்கள் தொழுவத்தில் பதினோரு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. மல்லிகைப் பூவை ஈரச் சாக்கில் கட்டி, விடியுமுன் மதுரைச் சந்தைக்கு ஏற்றிப்போன வண்டி அது. 1986-இல் தாத்தா அதன் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, பியூஜோ டீசல் என்ஜினை ஏற்றினார். அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. இறக்கிய என்ஜின் வைக்கோல் கொட்டகையில் அப்படியே கிடக்கிறது.

அந்தப் பழைய என்ஜினையே மீண்டும் ஏற்றி, 1971-இல் வந்தபடியே வண்டியை ஆக்கி, பழம்பெரும் வண்டிகளுக்குத் தரும் விண்டேஜ் பதிவு வாங்க வேண்டும் என்பது என் ஆசை. என் மைத்துனரோ கணினி கட்டுப்பாட்டில் ஓடும் புதிய காமன்ரெயில் டீசல் என்ஜின், பவர் ஸ்டியரிங், அகல டயர் எல்லாம் போட்டால்தான் வண்டியை இன்றைக்கு ஓட்ட முடியும் என்கிறார். பாதிச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொல்கிறார். யார் சொல்வது சரி? வீட்டில் வைத்துச் செய்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது? பின்கதவில் தாத்தா எழுதிவைத்த பூக்கடைப் பெயர் பாதி அழிந்துபோயிருக்கிறது. மணல் அடித்து எடுத்துவிட்டுப் புதிதாக எழுதலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

நீங்கள் 1971-க்குத் திரும்ப விரும்புகிறீர்கள். உங்கள் மைத்துனர் இன்றைய ஆண்டுக்கு வரச் சொல்கிறார். என்னைக் கேட்டால் வண்டியை 1986-இல் நிறுத்துங்கள் என்பேன். இருவருக்கும் நடுவே சமரசம் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் தகவல்களே என்னை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தன.

முதலில் மைத்துனரின் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1956-இன் இறுதியில் வெளியிட்ட இந்த வண்டியை வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். அறுபதுகளின் நடுவில் மகிந்திரா அதை இங்கே செய்யத் தொடங்கியது. முன் பின் அச்சுகளுக்கு இடையே 81 அங்குலம் கொண்ட சிறிய ஜீப்பின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், சாமான் ஏற்றும் தொட்டிக்கு நீளம் கிடைப்பதற்காக, ஓட்டுநரைத் தூக்கி முன் அச்சின் மேலேயே உட்கார வைத்தார்கள். அதனால்தான் வண்டிக்கு மூக்கே இல்லை; என்ஜின் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு தகர மூடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. மற்ற ஜீப்புகளில் என்ஜினை மாற்றுபவர் பானெட்டுக்கு அடியில் இருக்கும் இடத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். இந்த வண்டியிலோ கேபினுக்குள்ளேயே கைவைத்தாக வேண்டும். டர்போ, இன்டர்கூலர், கணினிப் பெட்டி, அவற்றுக்கான ஒயரிங் எல்லாவற்றோடும் வரும் காமன்ரெயில் என்ஜினை அந்த மூடிக்குள் அடக்க முடியாது. கேபின் தரையையும் பின்சுவரையும் வெட்டியே தீர வேண்டும், வெட்டிய தகரத்தை எவராலும் பழையபடி ஒட்டித் தர இயலாது. அதற்குப் பிறகு அந்த என்ஜினின் இழுவையைத் தாங்காத பழைய கியர்ப் பெட்டி, அதற்குப் பின்னால் அச்சிலுள்ள கிரௌன் பல்சக்கரம், அந்த வேகத்தை நிறுத்தத் திறனில்லாத டிரம் பிரேக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் தாத்தாவின் வண்டியில் மிஞ்சுவது முகம் மட்டும்தான்.

சட்டமும் அவருக்குத் துணை வராது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்து வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, அதே தயாரிப்பு, அதே வகை என்ஜினைப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். உங்கள் தாத்தா செய்த மாற்றம் இந்தச் சட்டத்துக்கு முந்தியது, ஆர்.சி.யிலும் ஏறிவிட்டது. இன்று நீங்கள் செய்யப்போகும் மாற்றத்துக்கு அந்த வசதி இல்லை.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கே அந்தப் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் உங்கள் பிக்கப்போ சரக்கு வண்டியாகப் பதிவாகி, பூ ஏற்றிப் பிழைத்த வண்டி, ஆர்.சி.யிலும் டீசல் என்றிருக்கிறது. பெட்ரோல் என்ஜினைத் திரும்ப ஏற்றினாலும் இந்தச் சிக்கல்கள் தீரப்போவதில்லை. ஒருவேளை பதிவே கிடைத்துவிட்டாலும், கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும்தான் வண்டியை எடுக்கலாமே தவிர, அன்றாடம் ஓட்டக் கூடாது. ஓட்ட முடியாத வண்டிக்காகவா இத்தனை பாடு என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதுதான் அசல் என்ற எண்ணம் நம் பக்கத்து வண்டிகளுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயு உற்பத்திக் கலன்களைச் செய்து பேருந்துகளை ஓட்டிய வரலாறு உண்டு. பெட்ரோல் விலை ஏறிய பிறகு நம் ஊர் ஜீப்புகளில் எத்தனையோ டீசலுக்கு மாறின. உங்கள் தாத்தா ஏற்றியது எக்ஸ்.டி.பி. 4.90 வகை என்றால், நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதையே அந்தப் பெயர் சொல்கிறது. கொள்ளளவு 2112 சி.சி. அது மகிந்திரா தானே உரிமம் பெற்றுத் தன் ஜீப்புகளில் பொருத்திய என்ஜின். ஆக, அவர் எங்கிருந்தோ அன்னியமான ஒன்றைக் கொண்டுவந்து செருகிவிடவில்லை. பதினைந்து ஆண்டு பெட்ரோலில் ஓடிய வண்டி, அதைவிட நீண்ட காலம் டீசலில் உழைத்திருக்கிறது. அதை அழித்துவிட்டு எந்த அசலைத் தேடப்போகிறீர்கள்?

இந்தக் கலப்பால் ஒரு சிறு தொல்லை உண்டு, இப்போதே சொல்லிவிடுகிறேன். சேஸிஸ், அச்சு, பாடி ஆகியவற்றின் போல்ட்டுகள் அங்குல அளவு. டீசல் என்ஜினின் போல்ட்டுகள் மில்லிமீட்டர் அளவு. இரண்டுக்கும் தனித்தனி ஸ்பேனர் செட் வாங்கி, தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று மாற்றிப் போட்டுத் திருகினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும், பிறகு உளிதான்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். ஒரு நட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன் சேஸிஸில் பொறித்த எண்ணைத் துடைத்து, தாள் வைத்துப் பென்சில் அச்சு எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், என்ஜினில் பொறித்த எண்ணையும் அப்படியே. பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு உயிரோடு இருக்கிறதா, வரி எதுவரை கட்டப்பட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். சரக்கு வண்டியென்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டியிருக்கும். (எஃப்.சி. வண்டிக்கு எஃப்.சி. எடுப்பது என்று உங்கள் ஊரில் கேலி பேசியிருப்பார்கள்.) எண் இருக்கும் இடத்தில் கிரைண்டரோ பள்ளம் நிரப்பும் பட்டியோ படவே கூடாது என்று தகர வேலை செய்யும் டிங்கரிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். பெயின்ட் மூடிய எண்ணைத் தேடிச் சுரண்டி, கடைசி இரண்டு இலக்கங்களைச் சிதைத்துவிட்டுப் பல மாதம் அலைந்தவன் நான்.

அடுத்த வேலை அளப்பது. இதற்குப் பட்டறை தேவையில்லை. தொழுவத்தில் சமமான சிமென்ட் தரை இருந்தால் போதும், இல்லையென்றால் அதைப் போடுவதே உங்கள் முதற்செலவாக இருக்கட்டும். வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்தி, முன்னும் பின்னும் உள்ள ஸ்பிரிங் தாங்கிகளின் துளைகளிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டை இறக்கி, அது தரையைத் தொடும் இடங்களில் சுண்ணக்கட்டியால் புள்ளி வையுங்கள். பின்னர் வண்டியைத் தள்ளிவிட்டு, முன்னிடப் புள்ளியிலிருந்து பின்வலப் புள்ளிக்கும், முன்வலத்திலிருந்து பின்னிடத்துக்கும் நூல் பிடியுங்கள். இரண்டு குறுக்களவுகளும் ஒன்றாக இருந்தால் சேஸிஸ் நேராக இருக்கிறது. விரற்கடை அளவு வேறுபட்டாலும், எப்போதோ நடந்த ஒரு மோதலை வண்டி மறைத்துவைத்திருக்கிறது என்று பொருள், அதைச் சரிசெய்யாமல் மேலே எது செய்தாலும் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விரிசலின் நுனியில் சிறு துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டு, பிறகுதான் வெல்டிங் பிடிக்க வேண்டும். அந்த வெல்டிங்கை மட்டும் தேர்ந்த கையிடம் கொடுங்கள். நீங்களும் நானும் பழகிப்பார்க்கும் இடம் அதுவல்ல. கேபினைத் தூக்குவதாக இருந்தால், கதவுகளைக் கழற்றுவதற்கு முன்பே கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியைப் பற்றவைத்துவிடுங்கள். தவறினால் இறக்கிவைக்கும்போது கதவு மூடாது.

ஸ்டாண்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. என் வண்டியை ஹாலோ பிளாக் கற்களின் மேல் நிறுத்திவிட்டு அடியில் படுத்திருந்தேன். டீ குடிக்க எழுந்து வந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கல் பொடிந்து, வண்டி நான் படுத்திருந்த சாக்கின் மேல் உட்கார்ந்தது. ஜாக்கியையும் நம்பாதீர்கள்.

மைத்துனரின் ஆர்வத்தை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம், பணத்தையும்தான். ஆர்.சி. விவரம் எதையும் தொடாமல், வேண்டாமென்றால் திரும்பக் கழற்றிவிடக்கூடிய மாற்றங்கள் பல இருக்கின்றன. அவற்றில் முதலாவது பிரேக். அந்தக் கால ஜீப்புகளில், மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றாக இருந்தது. எந்தச் சக்கரத்தில் ஆயில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக அழுத்தம் தரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துங்கள். இந்த ஒரு விஷயத்தில் பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல், நனைத்துத் துடையுங்கள். முழு ஒயரிங்கையும் புதிதாக இழுத்து, ஃபியூஸ் பெட்டியும் ஹெட்லைட்டுக்கு ரிலேயும் வையுங்கள், இருக்கைப் பட்டையும் போடுங்கள். பவர் ஸ்டியரிங்கைப் பற்றி முடிவெடுக்கும் முன், முன்சக்கரங்கள் திரும்ப உதவும் கிங்பின் பேரிங்கையும் டை ராடு முனைகளையும் மாற்றி, சரியான அளவு டயரில் சரியான காற்றோடு ஓட்டிப்பாருங்கள். ஸ்டியரிங் கனக்கிறது என்று சொல்பவரே அகல டயரும் கேட்கிறார். அது இன்னும் கனக்கச் செய்யும் என்பதை அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பூச்சாக்கின் ஈரம் தொட்டியின் தரையைத் தின்றிருக்கும், குறிப்பாகக் குறுக்குச் சட்டங்களுக்கும் தகரத்துக்கும் இடையில். சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போனால் ஓசையிலேயே தெரிந்துவிடும். மெலிந்த இடத்தைப் பட்டி வைத்து மூடாமல், வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைக்க வேண்டும். கொக்கி, கீல், தாங்கி போன்ற சிறு உருப்படிகளின் துருவை வீட்டிலேயே எடுக்கலாம். பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில் வாஷிங் சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த உருப்படிக்கும், நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கும் கொடுத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓரிரவு விட்டால் துரு கரும்பொடியாக உதிரும். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் திறந்தவெளியில், நெருப்பு அண்டாமல் செய்யுங்கள். தகட்டுக்கு எவர்சில்வரைப் பயன்படுத்தினால் நச்சுக் கரைசல் உண்டாகும்.

கொட்டகையில் கிடக்கும் பெட்ரோல் என்ஜினை இரும்புக் கடைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் கழித்துக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். வலிந்து திருப்ப வேண்டாம். நகர்ந்தால் மாதம் ஒருமுறை சுற்றிவிட்டு, துளைகளை அடைத்து, தரையில் படாமல் பலகையின் மேல் வையுங்கள். உள்வால்வு தலையிலும் வெளிவால்வு பிளாக்கிலும் அமைந்த அந்த என்ஜினை இன்று எவரும் செய்வதில்லை. பின்னாளில் அதை ஏற்ற நினைப்பவர் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கேற்ப ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். அது அவர் பாடு.

பின்கதவுக்கு மணல் அடிக்க வேண்டாம். எழுத்தின் மேல் மெல்லிய தாளை ஒட்டிப் பென்சிலால் கோடு கோடாகப் படியெடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து வெயில் சாய்ந்த நேரத்தில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் துடைத்து, கதவின் உட்புறத்தில் துருவைச் சுரண்டிப் பிரைமர் அடித்து, வெளிப்புறத்தை அப்படியே விட்டுவிடுங்கள். வண்டி முழுக்கப் புதுப் பெயின்ட்டில் இருக்க, அந்த ஒரு கதவு மட்டும் மங்கிக் கிடக்கிறதே என்று மைத்துனர் கேட்பார். பூச்சந்தையில் இறக்குகிறவர்கள் பின்பக்கம்தானே பார்ப்பார்கள், அடையாளம் தெரிய வேண்டாமா என்று சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்.