கிணற்றின் அடியில் ஒரு ஹீட்டர்

கேள்வி: ஆழமான எண்ணெய்க் கிணறுகளில் கெட்டியான எண்ணெயை மின்சாரத்தால் சூடேற்றி இளக்கி எடுக்கிறார்களாமே, நீராவியால் சூடாக்கினால் போதாதா?

பதில்: ஆழம் குறைவென்றால் நீராவியே போதும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே போகப் போக, குழாயில் இறங்கும்போதே சூட்டில் கணிசமான பங்கைச் சுற்றியுள்ள பாறை உறிஞ்சிக்கொள்ளும், நீராவியில் ஒரு பகுதி அடியில் வெந்நீராகத்தான் போய்ச் சேரும்.

அதனால்தான் மின்சாரம் பாய்ந்தால் சூடாகும் கேபிள். உலோக உறைக்குள் செம்புக் கம்பி, இரண்டுக்கும் நடுவே காப்பாக மக்னீசியம் ஆக்சைடு தூள். இதைக் கிணற்றுக்குள் இறக்கி, எண்ணெய் ஊறிவரும் இடத்தில் மட்டும் சூடாக்குவார்கள். அந்தக் கொஞ்ச இடம் போதுமா என்று தோன்றும். போதும், ஏனென்றால் நாலாபுறமிருந்தும் வரும் எண்ணெய் கிணற்றை ஒட்டிய சில மீட்டரில்தான் நெருக்கியடித்து நுழைகிறது, அழுத்தம் அதிகம் வீணாவதும் அங்கேதான், அங்கே எண்ணெய் இளகினாலே வரத்து கூடிவிடும். குழாயில் மெழுகு படிவதும் குறையும்.

யோசனை பழையது. 1940களிலேயே சுவீடனின் குவார்ன்டார்ப்பில் எண்ணெய்ப் பாறையை மின்சாரத்தால் சூடாக்கி எண்ணெய் எடுத்தார்கள்.

சரி, குறை? அனல்மின் நிலையத்தில் எரிபொருளின் சூட்டில் பாதிக்கு மேல் வீணான பிறகே மின்சாரம் கைக்கு வருகிறது, எனக்கு அதுதான் பெரிய உறுத்தல். அப்புறம், அளவுக்கு மீறிச் சூடாக்கினால் எண்ணெய் கருகிக் கரியாகி, பாறையின் துளைகளையே அடைத்துவிடும்.